கணிப்பொறிச் சந்தையில் முதல் ஸ்தானம்

மூன்று மாதங்களுக்கு ஒரு முறை, அமெரிக்காவைத் தலைமையிடமாகக் கொண்ட கார்ட்னர், ஐ.டி.சி. என்னும் இரண்டு ஆய்வு ஸ்தாபனங்கள், அந்தக் காலாண்டில் உலகமெங்கும் எத்தனை தனிநபர் கணிப்பொறிகள் விற்பனைக்கு அனுப்பப்பட்டன, அவற்றுள் எந்தக் கம்பெனியின் பெயரைத் தாங்கியவை எத்தனை என்னும் கணக்கைத் தனித்தனியே வெளியிடுகின்றன. அந்தப் பட்டியலின் முதல் வரியில் இடம் பெறுவதற்காகக் கம்பெனிகள் செய்த பிரயத்தனங்களையும், அதற்காக அவை விட்டுக்கொடுத்த லாபத்தையும், அந்த முயற்சியில் பதவி இழந்த தலைமை அதிகாரிகளின் வரிசையையும் பார்க்கும்போது, அந்த வரி உண்மையில் எதைத்தான் அளக்கிறது என்ற கேள்வி எழாமல் இருக்க முடியாது.

2012ஆம் ஆண்டின் மூன்றாம் காலாண்டில் நடந்த ஒரு சம்பவம் இந்த விசாரணைக்கு நல்ல தோற்றுவாயாக அமையும். கார்ட்னரின் கணக்குப்படி, சீனத்தின் லெனோவோ நூற்றுக்கு 15.7 பங்குடன் முதலிடத்திலும், அமெரிக்காவின் எச்.பி. 15.5 பங்குடன் அதற்கு அடுத்த இடத்திலும் இருந்தன; ஐ.டி.சி.யோ எச்.பி.க்கு 15.9, லெனோவோவுக்கு 15.7 என்று வரிசையை மாற்றிச் சொல்லிற்று. வொர்க்ஸ்டேஷன் எனப்படும் உயர்ரகக் கணிப்பொறிகளையும் சேர்த்து எண்ணுகிற ஐ.டி.சி.யின் கணக்கே முழுமையானது என்று எச்.பி. உடனே அறிக்கை விட்டது. எதைக் கணிப்பொறி என்று கொள்வது என்பதிலேயே இரண்டு ஸ்தாபனங்களுக்கும் வேற்றுமை உண்டு. இரண்டுக்கும் பொதுவான குறை ஒன்றும் உண்டு. அவை எண்ணுவது கம்பெனியிலிருந்து வெளியேறிய பெட்டிகளையே அன்றி, வாங்கியவர் வீட்டுக்குள் நுழைந்த பெட்டிகளை அன்று. விநியோகஸ்தரின் கிடங்கில் தூசு படிந்து கிடக்கும் சரக்கும் அந்தக் காலாண்டின் பங்கில் சேர்ந்துவிடுகிறது.

இந்தப் போட்டியின் நாற்பதாண்டுச் சரித்திரத்தை ஆராய்ந்தவரையில், மிகச் சிறந்த எந்திரத்தைச் செய்தவனுக்கே முதலிடம் கிடைத்தது என்று சொல்ல என்னால் இயலவில்லை. உதிரிப் பாகங்கள் உற்பத்தியாகும் இடத்துக்கும் அவற்றை வாங்கி உபயோகிப்பவனின் மேஜைக்கும் இடையிலுள்ள வழியை அந்தந்தக் காலத்தில் எவன் மிகுதியாகக் குறுக்கினானோ, அவனுக்கே அது கிடைத்திருக்கிறது. அப்படிக் கிடைத்த பின்னரும், அதன் பலனில் பெரும்பகுதி அவனிடம் தங்காமல் வேறு இரண்டு கைகளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

1977இல் ஆப்பிள் II, கமடோர் பெட், டாண்டியின் டி.ஆர்.எஸ்.-80 ஆகிய மூன்றும் சந்தைக்கு வந்தபோது, ஒன்றுக்கு எழுதிய மென்பொருள் மற்றொன்றில் ஓடாது. ஒன்றின் பாகம் மற்றொன்றுக்குப் பொருந்தாது. அன்றைய போட்டி தனித்தனி ராஜ்யங்களுக்கு இடையே நடந்த எல்லைச் சண்டையே. அதை முற்றிலும் வேறுபட்ட போட்டியாக மாற்றியது ஐ.பி.எம். என்னும் பெருங்கம்பெனி செய்த ஒரு முடிவுதான்.

தன் எந்திரங்களின் பாகங்களைத் தானே செய்துகொள்வதைப் பெருமையாகக் கருதி வந்த ஐ.பி.எம்., ஃபுளோரிடா மாநிலத்துப் போகா ரேட்டன் என்னும் ஊரில், டான் எஸ்ட்ரிட்ஜ் என்பவரின் தலைமையில் இயங்கிய ஒரு சிறு குழுவிடம், ஏறக்குறைய ஓராண்டுக்குள் ஒரு தனிநபர் கணிப்பொறியைச் செய்து முடிக்கும் பொறுப்பை ஒப்படைத்தது. அவ்வளவு குறுகிய காலத்தில் எல்லாவற்றையும் தாமே செய்வது சாத்தியமில்லை என்று கண்ட அக்குழு, கடையில் கிடைக்கும் பாகங்களைக் கொண்டே எந்திரத்தை அமைக்கத் தீர்மானித்து, மையச் சில்லுக்கு இன்டெல்லின் 8088ஐயும், இயக்க முறைமைக்கு மைக்ரோசாஃப்ட்டின் டாஸையும் தேர்ந்துகொண்டது. 1981 ஆகஸ்ட் 12ஆம் நாள் நியூயார்க்கில் அந்த எந்திரம் 1,565 டாலர் என்னும் ஆரம்ப விலையில் அறிவிக்கப்பட்டது. அதில் ஐ.பி.எம்.முக்கே உரியதென்று சொல்லத்தக்கது, எந்திரத்தை எழுப்பிப் பாகங்களை ஒன்றோடொன்று பேசவைக்கும் பயாஸ் என்னும் சிறு நிரல் ஒன்றுதான். அந்த நிரலின் முழு வரிகளையும்கூடத் தன் தொழில்நுட்பக் கையேட்டில் ஐ.பி.எம். அச்சிட்டிருந்தது. பதிப்புரிமைச் சட்டம் தன்னைக் காக்கும் என்ற நம்பிக்கையே அதற்குக் காரணம்.

டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கம்பெனியை விட்டு வெளியேறிய ராட் கேனியன், ஜிம் ஹாரிஸ், பில் மர்ட்டோ என்னும் மூவர், ஹூஸ்டன் நகரில் ஓர் உணவு விடுதியின் மேஜைத் தாளில், கைப்பிடி பிடித்துத் தூக்கிச் செல்லக்கூடிய ஒரு கணிப்பொறியின் படத்தை வரைந்துகொண்டு, 1982 பிப்ரவரியில் காம்பாக் கம்பெனியைத் தொடங்கினார்கள். ஐ.பி.எம்.முக்காக எழுதப்பட்ட மென்பொருள் அனைத்தும் தங்கள் எந்திரத்தில் ஓட வேண்டுமானால், பயாஸைப் பார்த்து எழுதவும் கூடாது, அதனின்று மாறுபடவும் கூடாது. ஆகவே, ஒரு குழு ஐ.பி.எம்.மின் நிரலைப் படித்து, அது இன்னின்ன காரியங்களைச் செய்கிறது என்று மட்டும் குறிப்பெழுதிக் கொடுக்க, அந்த நிரலை ஒருபோதும் கண்ணால் கண்டிராத மற்றொரு குழு அக்குறிப்பை மட்டுமே வைத்துக்கொண்டு புதிதாக நிரல் எழுதிற்று. நீதிமன்றத்தில் நிற்கக்கூடிய சாமர்த்தியம் இது. இருபதாம் நூற்றாண்டின் வியாபார சரித்திரத்தில் இதற்கு இணையான விளைவுகளை உண்டாக்கிய அலுவலக ஏற்பாடு மிகச் சிலவே இருக்கும் என்பது என் துணிபு. ஏறக்குறைய 28 பவுண்டு எடையுள்ள காம்பாக்கின் அந்தப் பெட்டி, 1983ஆம் ஆண்டில் மட்டும் 53,000 விற்று, 11 கோடியே 10 லட்சம் டாலர் வரவைத் தந்தது.

அதன் பின் வாசல் அடைபடவில்லை. 1984இல் ஃபீனிக்ஸ் டெக்னாலஜீஸ் என்னும் கம்பெனி, இதே முறையில் எழுதிய பயாஸை, வேண்டியவர்களுக்கெல்லாம் உரிமம் கொடுத்து விற்கத் தொடங்கியது. தைவானிலும் கொரியாவிலும் பிரதி எந்திரங்கள் பெருகின. சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில், கேபினெட் ஒரு கடையிலும், மதர்போர்டும் ரேமும் மற்றொரு கடையிலும், எஸ்.எம்.பி.எஸ். இன்னொரு கடையிலும் விலை பேசி வாங்கி, மாடியறையில் ஸ்குரூ டிரைவரும் கையுமாக உட்கார்ந்திருக்கும் இளைஞனிடம் கொடுத்து, அன்று மாலைக்குள் ‘அசெம்பிள்டு’ கணிப்பொறியாகக் கட்டி எடுத்துச் செல்வது சாத்தியமானதற்கும் மூலகாரணம் ஹூஸ்டனில் எழுதப்பட்ட அந்தக் குறிப்புத்தான். பெயரில்லாத அத்தகைய எந்திரங்கள் எல்லாம் ஆய்வு ஸ்தாபனங்களின் பட்டியலில் ‘மற்றவை’ என்னும் கடைசி வரியில் அடங்கிவிடும். நெடுங்காலம் வரை, அந்தக் கடைசி வரியின் எண் முதல் வரியின் எண்ணைவிடப் பெரிதாக இருந்தது என்பதைப் பட்டியலைப் படிப்பவர்கள் கவனிப்பதில்லை.

கைநழுவியதை மீட்க ஐ.பி.எம். 1987 ஏப்ரலில் பி.எஸ்./2 என்னும் வரிசையை, மைக்ரோ சேனல் என்ற புதிய உள்ளமைப்புடன் வெளியிட்டு, அதைப் பின்பற்றுவோர் உரிமைத் தொகை செலுத்த வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. காம்பாக்கின் தலைமையில் ஒன்பது கம்பெனிகள் 1988இல் ஒன்றுகூடி, பழைய அட்டைகளையும் ஏற்கும் வேறோர் அமைப்பை அறிவித்து அதை முறியடித்தன. பிறர் நிழலில் வளர்ந்தவர்களே தொழிலின் விதியை எழுதும் காலம் வந்துவிட்டது.

ஆனால், காம்பாக் வந்த வழியே மற்றவர்களும் வந்தார்கள். 1991இல் அக்கம்பெனி முதன்முறையாகக் காலாண்டு நஷ்டம் கண்டபோது, அதற்கு ஆதியில் முதலீடு செய்தவரும் இயக்குநர் குழுவின் தலைவருமான பென் ரோசன், இரண்டு ஊழியர்களைத் தம் கம்பெனியின் பெயரைச் சொல்லாமல் லாஸ் வேகாஸில் நடந்த காம்டெக்ஸ் கண்காட்சிக்கு அனுப்பினார். அங்கே, யாரோ புதிதாகத் தொழில் தொடங்கப் போகும் அந்நியர்களைப் போல அவர்கள் விசாரித்தபோது சொல்லப்பட்ட விலை, அத்தனை பெரிய கம்பெனியான காம்பாக்குக்கு அதே பாகங்களுக்கு ஆகும் செலவைவிடக் குறைவாக இருந்தது. ஸ்தாபகர் கேனியன் அந்த அக்டோபரில் வெளியேற்றப்பட்டார். அவருக்குப் பின் வந்த எக்கார்ட் ஃபைஃபர், 1992 ஜூனில் விலையைக் கடுமையாகக் குறைத்து, அமெரிக்கா முழுவதையும் விலைப் போருக்கு இழுத்தார்; ஐ.பி.எம்.மைத் தாண்டி 1996க்குள் அடைவதாக வகுத்திருந்த உலக முதலிடத்தைக் காம்பாக் 1994இலேயே அடைந்துவிட்டது. கேனியனின் காலத்துப் பொறியியல் நேர்த்தி அந்த வெற்றிக்குத் தேவைப்படவே இல்லை என்பது எனக்கு இன்றும் வருத்தந்தரும் விஷயம்.

அந்த விலைப் போர் ஜப்பானையும் எட்டிற்று. 1982 முதல் என்.ஈ.சி.யின் பி.சி.-9801 வரிசை, கான்ஜி என்னும் ஜப்பானியச் சித்திர எழுத்துகளைத் தன் வன்பொருளிலேயே கையாண்ட காரணத்தால், அந்நாட்டுச் சந்தையில் பாதிக்கு மேல் ஆண்டது. 1990இல் ஐ.பி.எம். ஜப்பான் கொண்டுவந்த டாஸ்/வி என்னும் இயக்க முறைமை, அந்த வேலையை மென்பொருளால் செய்து காட்டவே, 1992இல் காம்பாக் மலிவான எந்திரங்களோடு உள்ளே நுழைந்தது. பத்தாண்டுக் கோட்டையின் மதில் அப்போது விரிசல் கண்டது.

வழியைக் குறுக்குவது என்று மேலே சொன்னேனே, அதன் முழு இலக்கணத்தையும் எழுதியவர் மைக்கேல் டெல். 1984இல், ஆஸ்டினில் டெக்ஸாஸ் பல்கலைக்கழக மாணவராக இருந்தபோதே, ஆயிரம் டாலர் மூலதனத்துடன் விடுதி அறையில் தொழில் தொடங்கிய அவருக்குக் கடை வைக்கப் பணமில்லை. ஆகவே கடையே இல்லாமல், தொலைபேசியில் ஆர்டர் பெற்று, பணம் வந்த பிறகு எந்திரத்தைக் கட்டி அனுப்பினார். வறுமையில் பிறந்த அந்த ஏற்பாடே பின்னர் ஒரு பெரும் சித்தாந்தமாயிற்று. கணிப்பொறித் தொழிலில் மையச் சில்லும் நினைவகமும் கீரைக்கட்டைப் போன்றவை. வைத்திருக்கும் ஒவ்வொரு வாரமும் அவற்றின் விலை வாடிக்கொண்டே போகும். காம்பாக்கும் ஐ.பி.எம்.மும் செய்த எந்திரங்கள் விநியோகஸ்தரிடமும் கடைகளிலும் வாரக்கணக்கில் காத்திருக்க, அதற்குள் விலை இறங்கினால் அந்த வித்தியாசத்தைக் கடைக்காரருக்குக் கம்பெனியே ஈடுகட்ட வேண்டியிருந்தது. டெல்லுக்குப் பாகங்கள் தருவோரோ, அதன் தொழிற்சாலைக்கு அருகிலேயே கிடங்கு அமைத்துச் சரக்கைத் தங்கள் பொறுப்பில் வைத்திருந்தார்கள். ஆர்டர் வந்து, அந்தப் பாகம் கிடங்கிலிருந்து எடுக்கப்படும் நேரத்தில்தான் அது டெல்லின் உடைமையாகும். 1990களின் இறுதியில் அக்கம்பெனியின் கையிருப்பு ஏறக்குறைய ஒரு வாரச் சரக்கு அளவுக்குச் சுருங்கிற்று. வாங்குகிறவன் முன்கூட்டியே பணம் கட்டிவிட, பாகம் தந்தவனுக்கு ஒரு மாதத்துக்கும் மேல் கழித்துப் பணம் கொடுக்கப்பட்டபடியால், விற்பனை பெருகப் பெருக மூலதனத் தேவை குறைந்தது. 1996இல் விற்பனை இணையதளத்துக்கும் விரிந்தது. 2001இல் டெல், காம்பாக்கைத் தாண்டி உலகில் முதலிடம் பெற்றது.

இவ்வளவு சாமர்த்தியங்களின் பலனும் எங்கே போயிற்று என்பதே இவ்விஷயத்தின் உயிர்நிலை. பெட்டி எவன் பெயரில் விற்றாலும், உள்ளே இருந்த சில்லு பெரும்பாலும் இன்டெல்லுடையது; திரையில் தோன்றியது மைக்ரோசாஃப்ட்டினுடையது. பெட்டி செய்பவர்கள் தம்முள் விலையைக் குறைத்துக்கொண்டே போக, இவ்விருவருக்கும் அப்படிப்பட்ட நிர்ப்பந்தம் ஏதும் இருக்கவில்லை. 1995 ஆகஸ்ட் 24ஆம் நாள் விண்டோஸ் 95 வெளியிடப்பட்டபோது, அந்தத் தொழிலையே தோற்றுவித்த ஐ.பி.எம்.முக்கு அதை விற்கும் உரிமம் கிடைத்தது, வெளியீட்டு விழா தொடங்குவதற்குப் பதினைந்து நிமிடங்களுக்கு முன்னர்தான் என்று, மைக்ரோசாஃப்ட் மீதான ஏகபோக வழக்கை விசாரித்த நீதிபதி தாமஸ் பென்ஃபீல்டு ஜாக்சன் 1999இல் தம் தீர்மானத்தில் பதிவு செய்திருக்கிறார். பள்ளி திறக்கும் பருவத்து விற்பனையை ஐ.பி.எம். அதனால் இழந்தது. உரிமத்துக்காக அது செலுத்திய தொகையும், மைக்ரோசாஃப்ட்டுக்கு இணக்கமாக நடந்த காம்பாக் செலுத்தியதைவிட அதிகம்.

இன்டெல்லின் விஷயம் இதனினும் ஆழமானது. போட்டிக் கம்பெனியான ஏ.எம்.டி.யின் சில்லுகளை வாங்காமல் இருப்பதற்காக இன்டெல் தந்த பெருந்தொகைகளைத் தன் முதலீட்டாளர்களுக்கு விளக்காமல் விட்டது என்று, அமெரிக்கப் பங்குப் பரிவர்த்தனை ஆணையம் 2010 ஜூலையில் டெல்மீது குற்றஞ்சாட்டிற்று. குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலும் மறுக்காமலும், டெல் 10 கோடி டாலர் அபராதம் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது. ஆணையத்தின் கணக்குப்படி, 2003ஆம் நிதியாண்டில் டெல்லின் செயல்பாட்டு லாபத்தில் பத்தில் ஒரு பங்காக இருந்த அத்தொகை, 2007ஆம் நிதியாண்டின் முதல் காலாண்டில் நூற்றுக்கு 76 பங்காக உயர்ந்திருந்தது. அந்தக் காலாண்டில் உலகின் முதலிடத்துக் கணிப்பொறிக் கம்பெனி ஈட்டிய லாபத்தில் முக்கால் பங்கு, அது விற்ற எந்திரத்தால் வந்ததன்று. அது வாங்கிய சில்லுக்காகக் கிடைத்த சலுகையால் வந்தது. சந்தைப் பங்கு என்பதைப் பற்றி எழுதப்பட்ட எந்தப் புத்தகமும் இந்த ஒரு வரி சொல்வதைவிடத் தெளிவாகச் சொல்லியிராது.

டெல்லை எதிர்க்க வழி தெரியாதவர்கள் ஒன்றுசேர்ந்தார்கள். 1998இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் கம்பெனியை 960 கோடி டாலருக்கு வாங்கி ஜீரணிக்க மாட்டாமல் தவித்த காம்பாக்கை, கார்லி ஃபியோரினாவின் தலைமையிலிருந்த எச்.பி., ஸ்தாபகரின் புதல்வர் வால்டர் ஹியூலெட்டின் பகிரங்க எதிர்ப்பையும் மீறி, 2002 மே மாதத்தில் தன்னோடு இணைத்துக்கொண்டது. இருவர் பங்கையும் கூட்டினால் வரும் எண் நெடுநாள் நிற்கவில்லை; டெல் மறுபடியும் முந்திற்று. ஆயினும் மேஜைக் கணிப்பொறியின் காலம் போய் மடிக்கணிப்பொறியின் காலம் வந்தபோது, கையில் எடுத்துப் பார்த்து, விசைகளைத் தட்டிப் பார்த்து வாங்க விரும்பியவர்கள் கடையைத் தேடிச் சென்றார்கள். டெல் துறந்திருந்த கடையே எச்.பி.க்குப் பலமாயிற்று. 2006இன் பிற்பகுதியில் எச்.பி. முதலிடத்துக்கு வந்தது, மறுவருஷம் டெல்லும் வால்மார்ட் கடைகளில் தன் எந்திரங்களை வைத்தது.

ஐ.பி.எம். அதற்குள் விடைபெற்றுக்கொண்டிருந்தது. மூன்றரை ஆண்டுகளில் ஏறக்குறைய 100 கோடி டாலர் நஷ்டம் தந்த தன் கணிப்பொறிப் பிரிவை, திங்க்பேடு மடிக்கணிப்பொறி வரிசை உட்பட, 125 கோடி டாலர் பெறுமான ரொக்கத்துக்கும் பங்குகளுக்கும், கூடவே 50 கோடி டாலர் கடன் பொறுப்புக்கும், லெனோவோவுக்கு விற்பதாக 2004 டிசம்பரில் அறிவித்தது. 1984இல் பெய்ஜிங்கில், சீன அறிவியல் கழகத்தின் இரண்டு லட்சம் யுவான் பணத்தில், லியூ சுவான்ஜி முதலானோர் ஒரு காவலர் அறையில் தொடங்கிய ஸ்தாபனமே லெனோவோ. தாய்நாட்டுச் சந்தையைக் காத்துக்கொண்டு வளரும் நாடுகளின் சந்தையைத் தாக்குவது என்னும் உபாயத்தை அதன் தலைமை அதிகாரி யாங் யுவான்சிங் வகுத்தார். பிறர் தொழிற்சாலைகளைக் கைவிட்ட காலத்தில், லெனோவோ தன் எந்திரங்களில் ஒரு பெரும்பகுதியைத் தானே செய்தது. 2013 முதல் பெரும்பாலும் அதுவே முதல் வரியில் இருந்து வருகிறது.

மற்றவர்கள் பெயர் பொறித்து விற்றவற்றை உண்மையில் செய்தவர்கள் குவான்ட்டா, காம்பல், விஸ்ட்ரான் போன்ற தைவான் கம்பெனிகள். உற்பத்தி என்னும் நடுக்கட்டத்தில் மதிப்பு மிகக் குறைவு; வடிவமைப்பு, பெயர் என்னும் இரு முனைகளிலுமே அது மிகுதி என்று 1992இலேயே ஒரு வளைகோடு போட்டுக் காட்டிய ஸ்டான் ஷீயின் ஏசர், ஆசுஸ் 2007இல் தொடங்கி வைத்த சிறு மடிக்கணிப்பொறி மோகத்தில் மலிவு எந்திரங்களைக் குவித்து 2009இல் இரண்டாமிடத்தைப் பிடித்தது. ஐபேடு வந்ததும் அந்த மோகம் தணிந்து, கிடங்குகள் நிரம்பி, ஏசரின் தலைமை அதிகாரி 2011இல் விலக நேர்ந்தது.

அதே 2011 ஆகஸ்டில், உலகில் முதலிடத்திலிருந்த எச்.பி., தன் கணிப்பொறிப் பிரிவையே பிரித்துவிடலாமா என்று ஆலோசிப்பதாக அறிவித்தபோது, மறுநாள் அதன் பங்கு விலை ஐந்தில் ஒரு பகுதி சரிந்தது. அந்த யோசனையைச் சொன்ன தலைமை அதிகாரி லியோ அபோதேக்கர் சில வாரங்களில் பதவி நீக்கப்பட, பின்வந்த மெக் விட்மன் பிரிவு தொடரும் என்றார். பிரிப்பதற்கு ஒருமுறைச் செலவு 150 கோடி டாலரும், அதற்குமேல் ஆண்டுதோறும் சுமார் 100 கோடி டாலரும் ஆகும் என்று கம்பெனியின் கணக்கு காட்டிற்று. கணிப்பொறிக்காக மொத்தமாக வாங்கும்போது கிடைக்கும் விலைக் குறைவே கம்பெனியின் மற்றப் பிரிவுகளையும் தாங்கிக்கொண்டிருந்தது. முதலிடத்தால் வரும் நிச்சயமான நன்மை ஒன்று உண்டென்றால், அது விற்கும் இடத்தில் இல்லை, வாங்கும் இடத்தில் இருக்கிறது.

நம் நாட்டில் இந்தப் பங்குகளை அசைக்கும் வேறொரு சக்தியும் உண்டு. 2011 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணிப்பொறித் திட்டமும், 2013இல் உத்தரப்பிரதேச அரசு எச்.பி.யிடம் பெற்று வழங்கிய 15 லட்சம் மடிக்கணிப்பொறிகளும், ஒரு காலாண்டில் ஒரு கம்பெனியை உயர்த்தி, அடுத்த காலாண்டில் இறக்கிவிடத்தக்கவை. தமிழக அரசுக்கு அவற்றை வாங்கித் தரும் எல்காட்டின் ஒரு டெண்டர் முடிவை அறியாதவன் அந்த வருஷத்து இந்தியப் பட்டியலைப் பார்த்து மக்களின் ரசனை மாறிவிட்டதென்று எண்ணினால் பிழை அவனுடையதன்று. அரசு தந்த அந்த எந்திரமே கிராமத்துப் பிளஸ் டூ மாணவியின் வீட்டில் வந்திறங்கிய முதல் கணிப்பொறி என்பது எந்தப் பட்டியலிலும் ஏறாத, ஆனால் எல்லாவற்றினும் மதிக்கத்தக்க செய்தி.

பங்கும் லாபமும் எவ்வளவு தூரம் விலகி நிற்கின்றன என்பதற்கு 2018ஆம் நிதியாண்டின் கணக்கை எடுத்துக்கொள்ளலாம். ஆப்பிள் அவ்வாண்டில் 1 கோடியே 82 லட்சம் மேக் எந்திரங்களை விற்று, 2,500 கோடி டாலருக்கு மேல் வரவு கண்டது. அதாவது எந்திரம் ஒன்றுக்குச் சராசரி 1,400 டாலர். மூன்று மடங்கு எந்திரங்களை அனுப்பிய எச்.பி.யின் கணிப்பொறிப் பிரிவு கண்ட வரவு சுமார் 3,770 கோடி டாலர்தான். அதிலும் நூறு டாலருக்கு நான்கு டாலர்கூடச் செயல்பாட்டு லாபமாக எஞ்சவில்லை. இயக்க முறைமையைத் தன்னிடமே வைத்திருந்த ஆப்பிள், 2020 நவம்பரில் எம்1 என்னும் சில்லையும் தானே வடிவமைத்துக்கொண்டு இன்டெல்லினின்று விலகத் தொடங்கியது. 1981இல் போகா ரேட்டனில் வெளியார் கைக்கு விடப்பட்ட இரண்டு பொருள்களும், உலக விற்பனையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத ஒரு கம்பெனியிடம் இப்போது ஒருசேர இருக்கின்றன.

லெனோவோ, எச்.பி., டெல் ஆகிய மூன்றும் சேர்ந்து இன்று உலக விற்பனையில் பாதிக்கு மேல் வைத்திருக்கின்றன. இன்டெல்லுக்கு மாற்றாகக் குவால்காம் வடிவமைத்த சில்லுடன் கூடிய மடிக்கணிப்பொறிகளை இம்மூன்றும், ஏசர், ஆசுஸ், சாம்சங் ஆகியவையும், மைக்ரோசாஃப்ட்டும்கூட, 2024 ஜூன் 18ஆம் நாள் சந்தைக்குக் கொண்டுவந்தன. ஏழு பெயர்கள், உள்ளே ஒரே கம்பெனியின் சில்லு, ஒரே விண்டோஸ்.